மழைக்குப் பின் முரண்டு பிடிக்கும் புல்வெட்டி: டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் பழுதை வரிசையாகத் தேடும் முறை

ஐப்பசி மழை நின்று நான்கு நாள் வெயில் அடித்தால் போதும், எங்கள் பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் புல் முழங்காலுக்கு வந்துவிடும். பங்குனியில் கடைசியாக ஓட்டி, மோட்டார் அறை மூலையில் சாய்த்து வைத்த புல்வெட்டியை அப்போதுதான் தேடி எடுப்போம். கயிற்றை இருபது முறை இழுத்தும் உயிர் வராது. அடுத்து நடப்பதைப் பல தோப்புகளில் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்த திருப்புளியால் கார்புரேட்டரில் தெரியும் திருகுகளை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திருப்பிவிடுவார்கள். உண்மையான பழுது வேறெங்கோ இருக்கும். அதைப் பின்னால் கண்டுபிடித்துச் சரிசெய்தாலும், திருகுகள் இடம் மாறிவிட்டதால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

பங்குனியில் நன்றாக ஓடிய எஞ்சினின் திருகுகள், மூலையில் சும்மா இருந்த ஏழு மாதங்களில் தாமாகத் திரும்பியிருக்க முடியாது. மாறியிருப்பவை பெட்ரோல், ரப்பர்க் குழாய்கள், டயஃப்ரம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு), பிளக்கின் முனை, காற்று வடிகட்டியில் படிந்த தூசு. ஆகவே தேடலை அங்கே தொடங்கி, கார்புரேட்டர் திருகுகளைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.

தோளில் மாட்டிக்கொள்ளும் 43 அல்லது 52 சி.சி. வகை டூ ஸ்ட்ரோக் புல்வெட்டியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டுத் தோட்டத்துக்கான 25 சி.சி. சிறு கருவிக்கும் இதே முறைதான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில், இந்த எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது

இது தெரியாவிட்டால் பின்னால் சொல்வது வெறும் பட்டியலாகப் போய்விடும். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில் உள்ள கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டரின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே ஏறி, எரிந்த புகையை சைலன்சர் பக்கம் தள்ளுகிறது. தனியாக ஆயில் தொட்டி இல்லை. பேரிங்கும் பிஸ்டனும் பெட்ரோலோடு வரும் ஆயிலை நம்பியே இருக்கின்றன.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. கிராங்க் அறையில் எங்காவது காற்று கசிந்தால், அது பெட்ரோல் பற்றாக்குறை போலவே தோன்றும். சைலன்சர் அடைத்தால் புதிய கலவை உள்ளே வர இடமிருக்காது. மூன்றாவது செய்தி பலருக்குத் தெரிவதில்லை. டயஃப்ரம் வகைக் கார்புரேட்டர், தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கத் தேவையான துடிப்பை அந்தக் கிராங்க் அறையிலிருந்தே ஒரு சிறு துளை வழியாகப் பெறுகிறது. எஞ்சினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பெட்ரோல் வருவது இதனால்தான்.

கருவிகளும் எச்சரிக்கையும்

பிளக் ஸ்பேனர், திருப்புளி, ஆலன் கீ, கம்பி பிரஷ், வளைத்த மெல்லிய கம்பி, ஒரு விசிட்டிங் கார்டு, வெள்ளைக் கண்ணாடி பாட்டில், சுத்தமான துணி. இவை பெரும்பாலான வேலைக்குப் போதும். அழுத்தம் பார்க்கும் கேஜ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பிளேடிலோ நைலான் நரம்பு சுழலும் தலையிலோ கை வைக்கும் முன் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். சூடான சைலன்சருக்கு மேலே பெட்ரோல் தொட்டியைத் திறக்க வேண்டாம். எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும்போது, அது ஒரே நிமிடச் சோதனையாக இருந்தாலும், கண்ணாடியும் மூடிய காலணியும் அணியுங்கள்.

படி 1: எதையும் கழற்றும் முன்

சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா, சோக் (கார்புரேட்டருக்குள் போகும் காற்றைத் தடுக்கும் தகடு) சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எளிய விஷயம்தான், ஆனாலும் பாருங்கள். சில கருவிகளில் சோக் நெம்பின் குறி அழிந்துபோயிருக்கும். அப்போது காற்று வடிகட்டி மூடியைத் திறந்து, தகடு மூடுகிறதா திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, மூடியின் மேல் பெயின்டால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்த கையோடு வடிகட்டிப் பஞ்சையும் எடுங்கள். தேங்காய்ப் பஞ்சுத் தூளும் செம்மண் தூசும் அதை அடைத்திருக்கும். சோப்பு நீரில் கழுவி, பிழிந்து, முழுதாகக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் விட்டுக் கசக்கி மாட்டுங்கள். பஞ்சு பொடியாக உதிர்கிறதென்றால் புதியது வாங்குங்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. உள்ளே போகும் மண் பிஸ்டனையும் ரிங்கையும் உரசித் தின்றுவிடும்.

படி 2: பழைய பெட்ரோலைக் கொட்டுங்கள்

தொட்டியில் உள்ளதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக எதுவும் தங்கினால் அது நீர் கலந்த எத்தனால். மூக்கில் வைத்தால் பெட்ரோலின் காரமான மணம் இல்லாமல் வார்னிஷ் போல வீசினால், அது கெட்டுப்போன பெட்ரோல். இரண்டில் எதுவானாலும் அதை எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள்.

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கிறேன். நம் நாட்டில் இ20 பெட்ரோல் விற்பனை 2023இல் தொடங்கியது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்ததுதான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். காரில் பெட்ரோல் சில வாரங்களில் செலவாகிவிடும், அதனால் அங்கே இது பெரிதாகத் தெரியாது. புல்வெட்டியின் சிறு தொட்டியில், மழைக்கால ஈரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலுக்கு அப்படியில்லை. ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடுகின்றன. பெட்ரோலை உறிஞ்சும் குழாய் முனையும் அதே அடியில்தான் கிடக்கிறது. ஆயில் கலந்திருப்பதோ மேலே உள்ள பெட்ரோலில். ஆகவே அந்த நிலையில் எஞ்சின் ஒருவேளை ஓடினால்கூட ஆயில் இல்லாமல்தான் ஓடும். பழைய வகை ரப்பர்க் குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் ஊதவும் இறுகவும் செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். படி 5இல் அது தேவைப்படும்.

புதிய கலவை தயாரிக்கும் முன் கருவியின் கையேட்டில் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 25:1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. அளவுக் குடுவையில் அளந்து ஊற்றுங்கள். பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம் பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது. ஆயில் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. கூடுதல் ஆயில் அந்த அளவு பெட்ரோலின் இடத்தைப் பிடிக்கும், பிளக்கிலும் சைலன்சரிலும் கரியாகப் படியும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கான 2டி ஆயில், ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. தரக் குறியோடு இருப்பதை வாங்குங்கள். படகு எஞ்சினுக்கான டி.சி.டபிள்யூ-3 ஆயிலோ, மோட்டார் சைக்கிளின் 20டபிள்யூ-40 ஆயிலோ இதற்கு உதவாது.

பாதிப் பெட்ரோலை ஊற்றி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதியை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். கலவையைக் கேனில்தான் செய்ய வேண்டும், கருவியின் தொட்டிக்குள் அல்ல.

படி 3: பிளக் சொல்லும் செய்தி

பத்து முறை இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனையை நிதானமாகப் பார்த்தால் தேடலின் பாதி தூரம் குறைந்துவிடும்.

முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. ஒன்று தீப்பொறி இல்லை, அல்லது சோக்கை மூடியே இழுத்து இழுத்து எஞ்சினை நனைத்துவிட்டீர்கள். முனை எலும்பு போல உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவே இல்லை. படி 4இல் பொறியை மட்டும் பார்த்துவிட்டுப் படி 5க்குப் போகலாம். கரியும் பிசுக்குமாகக் கறுத்திருந்தால் ஆயில் மிகுதி, அடைத்த வடிகட்டி, அல்லது பெட்ரோல் மிகுந்த கலவை. காப்பித்தூள் நிறம் நல்ல அறிகுறி. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் சூடேறி ஓடியிருக்கிறது. அதை உடனே கவனிக்க வேண்டும்.

நனைந்த எஞ்சினை மீட்பது எளிது. பிளக் வெளியே இருக்கட்டும். தொப்பியைத் துளையிலிருந்து தள்ளி வைத்து, சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, பிளக் துளை தரையைப் பார்க்கும்படி சாய்த்து, கயிற்றைப் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். தேங்கிய பெட்ரோல் சிதறி வெளியேறும். பத்து நிமிடம் ஆறவிட்டு, துடைத்த பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். பல கருவிகள் இதிலேயே ஓடத் தொடங்கிவிடும்.

பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்கட்டும். மாட்டும்போது முதலில் கையால் கடைசி வரை திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் புதிய பிளக்கை அரைச் சுற்றும் பழைய பிளக்கை அதைவிடக் குறைவாகவும் இறுக்கினால் போதும். சிலிண்டர் தலை அலுமினியம். அதில் மரை போனால் செலவு பெரிது.

படி 4: தீப்பொறி

பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடலைச் சிலிண்டரின் பெயின்ட் இல்லாத பகுதியில் அழுத்திப் பிடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம், அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். துளையைத் துணியால் மூடிக்கொள்வது நல்லது. சுவிட்சை ஓடும் நிலையில் வைத்து, நிழலில் நின்று, கயிற்றை வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். சடசடவென நீல நிறப் பொறி தெரிய வேண்டும்.

பொறி இல்லையென்றால் முதலில் வேறொரு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், பொறிக்கு மின்சாரம் தரும் காயில் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. சுவிட்ச் கெட்டிருக்கிறது, அல்லது அந்த ஒயர் தோல் உரிந்து உலோகத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் கருவிகளில் எஞ்சினை அணைப்பது என்பது காயிலை உடலோடு இணைத்துப் பொறியைத் தரைக்குக் கடத்துவதுதான். கைப்பிடிக்குப் போகும் ஒயர் தண்டின் மேல் உரசி உரசித் தேய்வது மிகச் சாதாரணம். எலி கடித்திருந்தாலும் இதே விளைவுதான். காயிலை மாற்றக் கடைக்குப் போகும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஒயரைக் கழற்றியும் பொறி இல்லையென்றால், எஞ்சினோடு சுழலும் சக்கரமான பிளைவீலின் காந்தத்தையும் காயிலின் கால்களையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துருவை எடுங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். காந்தத்தைக் காயிலுக்கு நேரே கொண்டுவந்து, இடையில் விசிட்டிங் கார்டைச் செருகி, காயிலின் ஸ்குரூவைத் தளர்த்தினால் காந்தமே காயிலை இழுத்துக்கொள்ளும். அப்படியே இறுக்கிவிட்டுக் கார்டை உருவுங்கள். இதற்குப் பிறகும் பொறி இல்லையென்றால்தான் காயிலை மாற்ற வேண்டும்.

படி 5: பெட்ரோல் எங்கே நிற்கிறது

பொறி இருக்கிறது, பிளக் உலர்ந்திருக்கிறது. இப்போது ஒரு முடிவான சோதனை. பிளக் துளையில் அரைத் தேக்கரண்டி கலவைப் பெட்ரோலை விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றுவிட்டால் பொறியும் அழுத்தமும் போதுமானவை. பழுது தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையில்தான் இருக்கிறது. கொஞ்சமும் பற்றவில்லையென்றால் படி 6ஐ முதலில் பாருங்கள்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். வளைத்த கம்பியால் குழாய் முனையில் தொங்கும் வடிகட்டியை வெளியே எடுங்கள். கறுத்தோ கல் போல இறுகியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு, கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். மடிப்பில் கீறல் தெரியும், அல்லது ஊறி வழவழவென்று இணைப்பிலிருந்து நழுவும். பெட்ரோல் வெளியே சொட்டாததால் குழாய் நன்றாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. அது உறிஞ்சும் குழாய். கீறல் வழியே பெட்ரோல் வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும்.

விரலால் அழுத்தும் ரப்பர்க் குமிழைப் பாருங்கள். ஏழெட்டு முறை அழுத்தினால் அது பெட்ரோலால் நிறைந்து, திரும்பு குழாயில் பெட்ரோல் தொட்டிக்குப் போவது தெரிய வேண்டும். அழுத்திய குமிழ் திரும்ப எழவில்லையென்றால் வடிகட்டியோ குழாயோ அடைத்திருக்கிறது. எழுகிறது, ஆனால் வெறும் காற்றுக் குமிழிகளே வருகின்றன என்றால் எங்கோ கீறல், பெரும்பாலும் அந்தக் குமிழிலேயே. பெரும்பாலான டயஃப்ரம் கார்புரேட்டர்களில் இந்தக் குமிழ் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் தள்ளுவதில்லை. கார்புரேட்டரை நிரப்பிவிட்டு மிச்சத்தைத் தொட்டிக்கே அனுப்புகிறது. ஆகவே முப்பது முறை அழுத்தினாலும் எஞ்சின் நனையாது, பத்து முறைக்கு மேல் அழுத்துவதால் பயனும் இல்லை.

தொட்டிக்குக் காற்று போகும் வழியும் முக்கியம். கருவி பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பெட்ரோல் தீர்ந்தது போல நிற்கிறது. சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. இப்படி நின்றவுடன், சைலன்சர் பக்கம் கவனமாக இருந்து, மூடியை மெல்லத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அந்தத் துளையில் உள்ள சிறு ரப்பர் வால்வைக் கழுவினாலோ மாற்றினாலோ போதும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டர். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேக்கிங்கும் டயஃப்ரமும் எந்த வரிசையில், எந்த முகம் மேலே இருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது. ஒரு பக்கம் பம்ப் டயஃப்ரம், அதன் அடியில் பொத்தான் அளவுகூட இல்லாத மெல்லிய வலை இருக்கும். ஏழு மாதம் காய்ந்த பெட்ரோலின் பிசின் முதலில் அடைப்பது அந்த வலையைத்தான். மறுபக்கம் பெட்ரோலை அளந்து விடும் அளவு டயஃப்ரம். விரல் நுனியால் தொட்டால் பூவிதழ் போல வளைய வேண்டும். காகிதம் போலச் சரசரத்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதன் அடியில் உள்ள சிறு நெம்பையும் ஊசி வால்வையும் கழுவுங்கள். நெம்பை வளைக்க வேண்டாம், அதன் உயரம்தான் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. ஊசியின் முனையில் மணல் துகள் ஒன்று சிக்கினால் பெட்ரோல் நிற்காமல் வழிந்து, எஞ்சின் எப்போதும் நனைந்தே இருக்கும்.

கார்புரேட்டர் கிளீனரை ரப்பர்ப் பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகே அடிக்க வேண்டும். துளைகளில் ஊசியோ செம்புக் கம்பியோ விட வேண்டாம், நைலான் நரம்புத் துண்டு போதும். டயஃப்ரம், பேக்கிங், ஊசி சேர்ந்த பழுதுபார்ப்புத் தொகுப்பு கிடைத்தால் முழுதாக மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் விலையும் தொகுப்பின் விலையும் நெருங்கியிருக்கும் சீன வகைக் கருவிகளில் புதிய கார்புரேட்டரே போடலாம் என்பது என் கருத்து.

திரும்ப மாட்டும்போது நான் ஒருமுறை ஒரு நாள் முழுவதையும் இழந்த இடம் ஒன்று உண்டு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள பேக்கிங்கில் நடுவே பெரிய துளையும் ஓரத்தில் ஒரு சிறு துளையும் இருக்கும். பேக்கிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டேன். சிறு துளை மறைந்தது. பிளக் துளையில் பெட்ரோல் விட்டால் ஓடும், பிறகு நிற்கும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். மாலையில்தான் கண்ணில் பட்டது. கிராங்க் அறையின் துடிப்பு வரும் வழியே அந்தச் சிறு துளை. அது மூடினால் பம்ப் டயஃப்ரம் அசையவே அசையாது. பேக்கிங், சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்கும் கருநிறக் காப்புக் கட்டை, கார்புரேட்டர் மூன்றின் சிறு துளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டே இறுக்குங்கள்.

படி 6: அழுத்தம்

கயிற்றை மெல்ல இழுக்கும்போது ஓரிடத்தில் கை தடுக்கப்பட்டு, ‘புஸ்’ என்று தாண்ட வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கவலைக்குரியது. முதலில் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஜ் இருந்தால் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, முள் ஏறுவது நிற்கும் வரை இழுங்கள். 120 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் நல்ல உடல்நிலை. 90க்குக் கீழே போனால் எஞ்சின் எழுவது கடினம். ஒரு தேக்கரண்டி ஆயிலைப் பிளக் துளையில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

எண்ணைவிடத் தெளிவான சான்று சைலன்சரைக் கழற்றினால் கிடைக்கும். இரண்டு போல்ட்தான். புகைத் துளை வழியாக டார்ச் அடித்து, பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். புகைத் துளைப் பக்கம் செங்குத்தாகக் கீறல்கள் இருந்தால் எஞ்சின் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது: பெட்ரோல் பற்றாத கலவை, காற்றுக் கசிவு, அல்லது ஆயில் குறைவு. சுற்றிலும் கீறல் என்றால் ஆயிலே கலக்காத பெட்ரோல் போயிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கித் தேய்ந்திருந்தால் வடிகட்டியைத் தாண்டி மண் போயிருக்கிறது. காரணத்தைத் திருத்தாமல் புதிய பிஸ்டன் போட்டால் அதற்கும் அதே கதி ஏற்படும்.

கழற்றிய சைலன்சரை விட்டுவிடாதீர்கள். அதன் வாயில் பொறி தடுக்கும் வலை இருந்தால் கம்பி பிரஷால் தேயுங்கள். புகைத் துளையில் கரி சேர்ந்திருந்தால், பிஸ்டன் அந்தத் துளையை முழுதாக மூடும் நிலைக்குக் கொண்டுவந்து, மூங்கில் குச்சியால் சுரண்டி, கரியை ஊதி வெளியேற்றுங்கள். பிஸ்டன் மூடியிருந்தால்தான் கரி உள்ளே விழாது.

ஓடுகிறது, ஆனால் சரியாக இல்லை

ஐட்லிங்கில் ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறது: பெட்ரோல் போதவில்லை. வடிகட்டி, பம்ப் பக்க வலை, இறுகிய டயஃப்ரம் என்ற வரிசையில் பாருங்கள். சோக்கைப் பாதி மூடினால் மட்டும் ஓடுகிறது என்றாலும் இதே பொருள்தான். அந்த நிலையிலேயே வேலையை முடித்துவிடலாம் என்று ஓட்டினால் பிஸ்டன் கீறிவிடும்.

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் குறையவில்லை, அல்லது சாய்த்தால் வேகம் மாறுகிறது: முதலில் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காற்றுக் கசிவு. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது காப்புக் கட்டையைச் சுற்றிச் சோப்பு நீர் தெளியுங்கள். வேகம் மாறும் இடத்தில் பேக்கிங் போயிருக்கிறது. பலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனரை அடிக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு அரையடி தூரத்தில் அது தீயை அழைப்பது போன்றது. அங்கே கசிவு இல்லையென்றால் கிராங்க் ஆயில் சீலாக இருக்கும், அதைக் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

இருபது நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறினால்தான் மறுபடி ஓடும்: மூடியின் காற்றுத் துளையை முன்பே பார்த்தோம். அது இல்லையென்றால், நின்ற அந்த நிமிடமே தீப்பொறியைச் சோதியுங்கள். சூட்டில் மட்டும் செத்து, ஆறியதும் உயிர்க்கும் காயில்கள் உண்டு. ஆறிய பிறகு சோதித்தால் அகப்படாது. சிலிண்டர்த் தகடுகளுக்கு இடையில் புல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் உறுமுகிறது, வெட்டும் தலை சுற்றவில்லை: கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஐட்லிங்கிலேயே பிளேடு சுற்றினால் வேகம் கூடுதலாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. அப்படியே ஓட்ட வேண்டாம், ஆபத்து.

வலு இல்லை என்ற புகாரில் எஞ்சின்மேல் குற்றமே இல்லாத ஒரு வகையும் உண்டு. காவல் தகடு இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள். அதன் ஓரத்தில்தான் நைலான் நரம்பை அளவாக வெட்டும் சிறு கத்தி இருக்கிறது. கத்தி இல்லாமல் நரம்பு நீண்டுகொண்டே போக, அதன் காற்றுத் தடையே எஞ்சினை அமுக்கிவிடும். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவும் இயந்திரத்தின் சுழலும் பிரஷ்களைப் பார்த்துவிட்டு, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்புகளைக் கட்டிச் சுழற்றிப் பார்த்ததில் பிறந்த கருவி இது. நரம்பு அளவாக இருந்து வேகமாகச் சுழன்றால்தான் விறைத்து நின்று வெட்டும். காவல் தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். கல் தெறித்துக் கண் போகாமல் காப்பதும் அதுதான்.

படி 7: இனித் திருகுகள்

எல்லாம் சுத்தமாகி, வடிகட்டி மாட்டி, புதிய பெட்ரோலில் ஐந்து நிமிடம் ஓடி எஞ்சின் சூடான பிறகு மட்டும். எல் என்று குறித்தது குறைந்த வேகக் கலவை, எச் அதிக வேகக் கலவை, டி என்பது ஐட்லிங் வேகம். சில கருவிகளில் டி மட்டுமே இருக்கும். அப்படியானால் வேலை பாதி குறைந்தது.

ஏற்கெனவே யாரோ திருப்பிக் குழப்பியிருந்தால், எஞ்சின் நின்றிருக்கும்போது எல், எச் இரண்டையும் மென்மையாக உள்ளே முடியும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றேகால் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கினால் ஊசி முனை நசுங்கும். எஞ்சினைக் கிளப்பி, முதலில் எல். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தும்போது தயங்காமல் எழும் இடத்தைத் தேடுங்கள். தயங்கி அணைந்தால் கொஞ்சம் வெளியே, புகைந்து தடுமாறினால் கொஞ்சம் உள்ளே. ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். பிறகு டி. எஞ்சின் அணையாமல், பிளேடு சுற்றாமல் நிற்கும் வேகம் வேண்டும்.

எச் திருகில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. முழு ஆக்சிலேட்டரில், சில விநாடிகள் மட்டும், காதால் கேளுங்கள். உள்ளே திருகத் திருக ஒலி கூர்மையாகி வேகம் ஏறும். கேட்க இனிமையாக இருக்கும் அந்த உச்சத்தில் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். அது பெட்ரோல் பற்றாத எல்லை. அங்கிருந்து வெளியே திருகுங்கள், ஒலியில் லேசான கரகரப்பு வரும் வரை. அந்தக் கரகரப்பு புல்லில் வைத்ததும் மறைந்து ஒலி சீரானால், அதுதான் சரியான இடம். எத்தனால் ஆக்சிஜனைத் தன்னோடு கொண்டுவருவதால் அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் கேட்கும். பழைய பெட்ரோலுக்கு அமைத்த கருவிகளில் எச் திருகை இம்மியளவு வெளியே எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 8: அடுத்த ஐப்பசிக்காக

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் தொட்டியைக் காலி செய்து, குமிழை அழுத்திக் குழாயில் உள்ளதையும் வெளியேற்றி, எஞ்சினைக் கிளப்பித் தானாக நிற்கும் வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி 2டி ஆயிலை விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கியர் தலையில் கிரீஸ் ஏற்றுங்கள். ஓடும் காலத்தில் இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அதற்குக் கிரீஸ் வேண்டும்.

பிறகு கயிற்றை இன்னொரு முறை, கை தடுக்கும் இடம் வரை மட்டும் இழுத்து விடுங்கள். பிஸ்டன் புகைத் துளையை மூடி நிற்கும், சைலன்சர் வழியாக மழைக்கால ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. கருவியைத் தரையில் சாய்க்காமல், எலி ஏறாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள்.